விசாரிக்கும் கடமை யாருக்கு?

புதுதில்லி: வடக்கு அந்தமானின் கடைசிப் பெரிய ஊர் திக்லிபூர். யூனியன் பிரதேசத்தின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) சாலை வழியே அங்கு செல்ல ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் வனப்பகுதியை வாகனங்கள் காவல்துறைத் துணையுடன் அணிவகுத்தே கடக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைத் தடம் வடக்கே ரங்கத்துடன் நின்றுவிட்டது. அது சென்றடைந்த தீவுகளின் பட்டியலில் திக்லிபூர் இல்லை. ஆனால் வதந்திக்கு அகன்ற அலைவரிசை தேவையில்லை. நாளிதழின் இணையப் பக்கம் திறக்காத கைப்பேசியிலும் வாட்ஸ்ஆப் செய்தி வந்து விழும். அதைச் சரிபார்ப்பதுதான் கடினம்.

2020 மார்ச் இறுதியில் அந்தமானில் கரோனா தொற்று உறுதி செய்யப்பட்ட முதல் 10 பேரில் 9 பேர் தில்லி நிஜாமுதீன் தப்லீக் மாநாட்டிலிருந்து திரும்பியவர்கள். இது உண்மைச் செய்தி. ஆனால் இந்த உண்மையின் முதுகில் ஏறிக்கொண்டு நாடெங்கும் பல பொய்கள் பயணம் செய்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் மும்பையில் ஒரு விசாரணைக் கைதி காவலர் மீது துப்பிய காட்சி, நிஜாமுதீனில் தப்லீக் உறுப்பினர் நோயைப் பரப்பும் காட்சியாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. அதைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் அதைத் தயாரித்தவர்கள் அல்லர். அச்சத்தாலோ அக்கறையாலோ பகிர்ந்தவர்கள். சிக்கலே இங்குதான் இருக்கிறது.

முஸ்லிம்கள் அன்று எந்த வதந்திக்குப் பலியானார்களோ, அந்த வதந்தியைப் பற்றிய தெளிவான நெறி அவர்களது வேதத்திலேயே உண்டு. திருக்குர்ஆனின் 49-ஆவது அத்தியாயம், நம்பத்தகாத ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதை விசாரித்துத் தெளிய வேண்டும், இல்லாவிடில் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறது. பனூ முஸ்தலிக் என்ற குலத்தார் ஜகாத் தர மறுத்துவிட்டதாக ஒரு தூதர் தவறான தகவலுடன் திரும்பியதையும், அவர்கள் மீது படை புறப்படவிருந்ததையும் விரிவுரையாளர்கள் இதற்குப் பின்னணியாகக் கூறுகின்றனர். இவ்வசனம் கட்டளையிடுவது செய்தியைக் கொண்டுவந்தவரை நோக்கியன்று, அதைப் பெற்றவரை நோக்கி என்பதைக் கவனிக்க வேண்டும்.

நபிகள் நாயகத்தின் துணைவியார் ஆயிஷா மீது அவதூறு பரவியபோது, அதைச் செவியால் கேட்பதற்குப் பதிலாக நாவாலேயே வாங்கிக் கைமாற்றியவர்களை 24-ஆவது அத்தியாயம் கண்டிக்கிறது. அவர்கள் அதை அற்பமாகக் கருதினர் என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. படிக்காமலேயே பகிரும் இன்றைய விரல்களுக்கும் இது பொருந்தும். பின்னாளில் நபிமொழிகளைத் தொகுத்தவர்கள், யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் இல்லாத கூற்றை ஏற்க மறுத்தனர். ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றலும் நேர்மையும்கூட ஆராயப்பட்டன. பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்புடன் வரும் செய்தியிலோ முதலில் சொன்னவரின் பெயரே இராது.

ஆனால் இந்த மரபுக்கு உரியவர்களே அதை மறக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மதீனாவில் நபிகளின் அடக்கத்தலக் காவலர் ஷேக் அகமது கண்ட கனவு என்றொரு கடிதம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே முஸ்லிம் நாடுகளில் சுற்றி வருகிறது. நகலெடுத்து அனுப்பினால் நன்மை, அலட்சியம் செய்தால் கேடு. (நம் ஊரில் சாமி பெயரால் வந்த அஞ்சலட்டைகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) அது இப்போது வாட்ஸ்ஆப்பில் வருகிறது. இது வெறும் வேடிக்கை. 2017-இல் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி பற்றித் தமிழகத்திலும் கேரளத்தின் மலப்புரத்திலும் பரவிய செய்திகள் அப்படியல்ல. குழந்தைகளின் உயிர் தொடர்பான விஷயத்தில் விசாரித்துத் தெளியும் கடமையைப் பலர் கைவிட்டனர்.

நாடாளுமன்றம் இதை எப்படி அணுகியது? 2018 மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் அதே வகை வதந்திக்குப் பலியாயினர். ஜூலை 26-ஆம் தேதி மாநிலங்களவையில் இது குறித்துக் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்தது. அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் நிறுவனங்களின் பொறுப்பை வலியுறுத்தினார். அதன் தொடர்ச்சிதான், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்ற 2021-ஆம் ஆண்டு விதி. வாட்ஸ்ஆப் நிறுவனம் அதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் சென்றது.

முதலில் அனுப்பியவரைப் பிடித்தால் போளூரில் கல்லும் கம்பும் எடுத்தவர்கள் தெளிவு பெற்றுவிடுவார்களா? பெறுபவரின் கடமை பற்றி அவையில் எவரும் அதிகம் பேசவில்லை. வாக்காளரைக் குறை சொல்வதைவிட அமெரிக்க நிறுவனத்தைக் குறை சொல்வது எந்தக் கட்சிக்கும் எளிதுதான்.

அரசு சொல்வதை மட்டும் நம்புங்கள் என்பதும் முழு விடையாகாது. 2004 டிசம்பர் 30-ஆம் தேதி மீண்டும் சுனாமி வரக்கூடும் என மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. கடற்கரை மக்கள் உடைமைகளை விட்டு ஓடினர். அலை வரவில்லை. அச்சமூட்டும் செய்தியைப் பரப்பாமல் பொறுப்பிலிருப்போரிடம் கொண்டு செல்லச் சொல்லும் திருக்குர்ஆன் வசனம் (4:83), ஆராய்ந்து உண்மையை அறியக்கூடியவர்கள் அவர்கள் என்பதையே காரணமாகக் கூறுகிறது. அதிகாரம் மட்டும் அங்கே தகுதியாகாது. சரியான முன்னெச்சரிக்கை மையம் ஹைதராபாதில் அமைய 2007 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்தமானில் 2020 ஏப்ரலில் நடந்ததும் நினைவில் இருக்க வேண்டும். நோயாளியுடன் தொலைபேசியில் பேசியதற்காக ஒரு குடும்பத்தை ஏன் தனிமைப்படுத்த வேண்டும் என்று ட்விட்டரில் கேட்ட செய்தியாளர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. விசாரிப்பவரையே வதந்தியாளர் ஆக்கினால் திக்லிபூரில் இருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் கலந்து வாழும் அந்த வட்டத்துக்கு, அவரவர் மொழியில் உடனுக்குடன் மறுப்போ உறுதிப்பாடோ தரும் அலுவலகம் ஒன்றே பல கைதுகளைவிடப் பயனளிக்கும்.

வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்களுக்கு இடமளித்ததாக 70 இந்தியர் மீது தொடரப்பட்ட வழக்குகளை 2025 ஜூலை 17-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. தமிழகக் கடலோர முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி சட்ட மரபில், அவதூறு கூறியவர் மன்னிப்புக் கோருவதுடன் நின்றுவிட முடியாது. தாம் சொன்னது பொய் என்று தம் வாயாலேயே அறிவிக்க வேண்டும். கற்பு குறித்த அவதூறுக்கான விதி அது. அதைக் கைப்பேசிக்கும் நீட்டலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மும்பைக் கைதியின் காட்சியை 2020-இல் எந்தெந்தக் குழுக்களில் போட்டார்களோ, அந்தக் குழுக்களில் பல இன்றும் அவர்கள் கைப்பேசியில் இருக்கின்றன. 2017-இல் தடுப்பூசி வதந்தியை அனுப்பிய முஸ்லிம் நண்பர்களின் குழுக்களும் அப்படியே இருக்கின்றன.