கப்பல் மறைத்த கீறல்

சென்ற டிசம்பரில் தூத்துக்குடியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற வெள்ளைக் காரின் பின்கதவில் ஒரு கப்பல் படம் ஒட்டியிருந்தது. காகித ஸ்டிக்கர். செப்டம்பர் 5-ஆம் தேதி, வ.உ.சி. பிறந்த நாளன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாம்.

அத்தானுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தவரின் பெயரை 2011-இல் அந்தத் துறைமுகத்துக்கே சூட்டிவிட்டார்கள் அல்லவா? "பார்த்தியா, 12 வயசுப் பையனுக்கு என்ன அபிமானம்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் மகனைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். கப்பலுக்குக் கீழே கதவில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஒழுகியிருந்தது. விரலால் தொட்டேன். துரு!

அன்று சாயங்காலம் பையன் என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான். "சித்தி, அப்பாட்ட சொல்லிராதீங்க. சைக்கிள் ஹேண்டில் பட்டு உரசிட்டு. அதான் படத்தை ஒட்டிட்டேன்" என்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

நான் சொல்லவில்லை. அவனையே சொல்லச் செய்தேன். ஸ்டிக்கரை உரித்தபோது உள்ளே விரல் நீளக் கீறல், அதைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்டு எழும்பியிருந்தது. பட்டறையில் கதவு முழுவதையும் தேய்த்துப் புதிதாகப் பெயிண்டு அடிக்க வேண்டியதாயிற்று. செலவு ஆயிரக்கணக்கில். செப்டம்பரிலேயே கவனித்திருந்தால் ஒரு சிறு புட்டிப் பெயிண்டோடு முடிந்திருக்கும்.

"நமக்கும் காருக்கும் என்ன? அது வீட்டுக்காரர் பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இன்று எத்தனையோ வீடுகளில் காரை ஓட்டுவதே நீங்கள்தான். ஓட்டாவிட்டாலும், வாசலில் நிற்கும் காரின் மேல் பந்து விழுவதும், காய்கறி வண்டி உரசுவதும் முதலில் உங்கள் காதில்தான் விழும்.

காரின் உடம்பு பெரும்பாலும் இரும்புத் தகடு. அதன் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு தெளிந்த பூச்சு. இத்தனையும் சேர்ந்தாலும் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அஞ்சலட்டையின் கனம்கூட இல்லை! இந்த மெல்லிய போர்வைதான் தகட்டுக்குக் காவல்.

கடலோர ஊரில் அந்தக் காவல் விலகினால் உப்பு உள்ளே வந்துவிடும். மழைக் காலத்தில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதே காரியத்தைத்தான் காரின் கீறலிலும் செய்கிறது. உப்பு கலந்த ஈரத்தில் இரும்பு வெகு சீக்கிரம் துருப் பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் நல்ல பெயிண்டையும் அடியிலிருந்து தூக்கிக்கொண்டு பரவும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சும் உண்டு. அது துருவைத் தாமதப்படுத்தும், அடியோடு தடுத்துவிடாது. காகித ஸ்டிக்கரோ ஈரத்தையும் உப்பையும் சேர்த்துப் பிடித்துக் கீறலின் மேல் பற்றுப் போட்டதுபோல் வைத்திருந்தது. கூடவே நவம்பர் மழையும் சேர்ந்துகொண்டது.

ஆகவே கீறலைக் கண்டதும் முதல் வேலை, அந்த இடத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைப்பது. கிணற்றிலோ போர்க் குழாயிலோ வருவது உப்புத் தண்ணீரானால், கடைசியில் ஒரு செம்பு குடிதண்ணீரையாவது ஊற்றுங்கள். பிறகு விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

நகம் தடுக்கவில்லையா? மேல் பூச்சில்தான் கீறல். கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் பட்டாணி அளவு எடுத்து, அழுத்தாமல் தேய்த்தால் மறைந்துவிடும். பற்பசையால் தேய்க்கலாம் என்பார்கள். மிக லேசான கீறலுக்குச் சற்றுப் பலன் இருக்கலாம். ஓயாமல் தேய்த்தால் பளபளப்புத்தான் போகும்.

நகம் தடுக்கிறதா? நிறப் பூச்சு அறுந்திருக்கிறது. உள்ளே சாம்பல் நிறமோ, தகட்டின் மினுமினுப்போ தெரியலாம். இதற்கு 'டச்-அப்' பெயிண்டு வேண்டும். நகப்பூச்சுப் புட்டி போலவே தூரிகையோடு வரும். அதற்காக நகப்பூச்சையே தடவிவிடாதீர்கள்! வெயிலுக்கு நிறம் மாறி உரிந்துவிடும்.

கடைக்குப் போய் 'வெள்ளை' என்று கேட்டால் போதாது. மல்லிகையும் வெள்ளை, தும்பையும் வெள்ளை, இரண்டும் ஒன்றாகுமா? காரின் நிறத்துக்கு ஓர் எண் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள சீட்டில் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் சர்வீஸ் நிலையத்தில் சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையைக் காலையில், பனி ஈரம் காய்ந்த பிறகு, நிழலில் ஆரம்பியுங்கள். வெயிலில் சுட்டுக் கிடக்கும் தகட்டில் பெயிண்டு சரியாகப் படியாது. துரு இருந்தால் அந்த இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். (உப்பு செய்த வினைக்கு உப்புத்தாளே பரிகாரம்!) பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். தகடு தெரிந்தால் முதலில் பிரைமர். அது காய்ந்த பிறகு நிறம். அடுப்புக்கு அருகில் வேண்டாம். காற்றோட்டமான இடம் வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த வாசனையில் நிற்க வேண்டாம்.

தூரிகையால் இழுத்துப் பூசாதீர்கள். பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, கீறலின் பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள். தினம் வாசலில் புள்ளி வைக்கும் கைக்கு இது ஒரு பெரிய காரியமா? ஒரேயடியாக அப்பிவிடவும் வேண்டாம். தூத்துக்குடி முத்துச் சிப்பியைப் பாருங்கள். வேண்டாத பொருள் உள்ளே புகுந்தால் மெல்லிய படலமாகப் பூசி, அதன் மேல் இன்னொரு படலம் பூசித்தான் மூடுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால் சிப்பியின் இந்தக் குணத்தை வைத்துத்தான் 1973-இல் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒன்று காய்ந்த பின் ஒன்றாக, இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. கடைசியில் தெளிந்த பூச்சு. சில நாள் விட்டு, 2000-ஆம் நம்பர் தண்ணீர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேடு மட்டும் சமமாகும்வரை தடவி, காம்பவுண்டு போட்டால் முடிந்தது. மெழுகுப் பாலிஷுக்கு ஒரு மாதம் பொறுங்கள்.

முத்து நிறம் என்று சொல்லும் மினுமினுப்பு வெள்ளையில் பூச்சு ஒன்று கூடுதல். வீட்டில் செய்தால் கொஞ்சம் அடையாளம் தெரியும். தெரிந்தால் தெரியட்டும். துரு வராமல் மூடுவதுதான் முக்கியம், அழகு அப்புறம்.

பெயிண்டு வாங்க இரண்டு நாள் ஆகுமா? அதுவரை கழுவிக் காய்ந்த கீறலில் துளி வாஸலின் தடவி வையுங்கள். பெயிண்டு வைக்குமுன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். மறந்தால் பெயிண்டு ஒட்டாது.

எதற்குப் பட்டறைக்குப் போக வேண்டும்? தகடு நசுங்கியிருந்தால், கொப்புளம் எழும்பியிருந்தால், உள்ளங்கையைவிடப் பெரிய இடமாக இருந்தால். முன்னும் பின்னும் உள்ள பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது துருப் பிடிக்காது. அதிலுள்ள கீறலுக்கு அவசரமில்லை. இன்ஷூரன்ஸில் கேட்பதற்கு முன்பும் ஒரு கணக்குப் பாருங்கள். விபத்துப் பணம் கோராத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை சலுகை உண்டு. சிறு கீறலுக்காகக் கோரினால் அந்தச் சலுகை போய்விடும்.

தூசி தட்டும் விஷயத்திலும் கவனம் தேவை. துறைமுகப் பக்கம் நிலக்கரித் தூளும் மணலும் காரில் படியும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் துடைக்கிற கையே நூறு கீறல் போட்டுவிடும். முதலில் தண்ணீர், பிறகு துணி.

இத்தனையும் சொன்னேன். ஆனால் அன்று அக்கா வீட்டில் நான் கற்றது வேறு. உண்மை வெளிவந்ததும் அத்தான், "ஏம்ல, அன்னைக்கே சொன்னா என்ன?" என்று இரைந்தார். பையன் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் அடுக்களையிலிருந்தபடியே சொன்னாள்: "போன வருஷம் உங்க போன் கண்ணாடி உடைஞ்சப்ப சொன்னானே, என்ன கிடைச்சுது? அதான் சொல்லலை."

அத்தான் அப்புறம் பேசவில்லை. வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரியில் அக்கா போன் பண்ணினாள். காரின் முன்கதவில் மறுபடி ஒரு கீறலாம். பையனே ஓடிவந்து, "அப்பா, பந்து எடுக்கப் போனேன், என் பெல்ட் பக்கிள் பட்டுட்டு" என்று சொன்னானாம். அத்தான் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாராம். பிறகு, "சரி, தண்ணி எடுத்துட்டு வா" என்றாராம். அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்து, பல் குத்தும் குச்சியால் மூன்று நாளில் வேலையை முடித்துவிட்டார்கள்.

"அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டேன்.

"உத்துப் பார்த்தா தெரியும். இருந்துட்டுப் போகட்டும், துரு இல்லை" என்றாள் அக்கா.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் காரை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது புதிதாக ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டால், கோபிக்காமல் மெதுவாக விசாரியுங்கள்!