விரலுக்குள் ஒரு குழாய்

கண்ணாடித் தம்ளர் கையிலேயே உடைந்து விரலை ஆழமாகக் கிழித்துவிட்டால், ரத்தம் நின்றதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். நின்றுவிட்டால் நிம்மதி! சில நாளில் புண்ணும் ஆறிவிடுகிறது. ஆனால் விரல் நுனியில் ஒரு பக்கம் மட்டும் மரத்தே கிடக்கிறது. வாணலி சுட்டதுகூடத் தோல் கொப்பளித்த பிறகுதான் தெரிகிறது. உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது!

நரம்பு என்றதும், ஊசி போட நர்ஸ் தட்டித் தட்டித் தேடுகிறாளே, அதை எண்ணிக் கொள்ளாதீர்கள். அது ரத்தக் குழாய். நான் சொல்வது தொடு உணர்ச்சியைச் சுமக்கும் அசல் நரம்பை.

அறுந்த நரம்பு தானே வளரக்கூடியதுதான். நாளைக்குச் சுமார் 1 மில்லி மீட்டர். நத்தைகூடச் சிரிக்கும்! மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனியை எட்ட ஐந்தாறு மாதமாகும். வேகத்தைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். அறுந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டாலோ, புது இழைகள் வழி தவறித் தழும்புக்குள் சிக்கி முடிச்சாகிவிடும். தொட்டால் 'சுரீர்' என்று இழுக்கும்.

பழைய வைத்தியம், கெண்டைக்கால் பக்கமிருந்து ஒரு நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவது. கை பிழைக்கும், பாதத்தின் வெளி ஓரம் மரத்துப் போகும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற கதைதான்.

1990-ல் சூஸன் மக்கின்னன் என்ற பெண் டாக்டரும், லீ டெலன் என்ற டாக்டரும் 15 பேருக்குக் குழாய் வைத்துப் பார்த்த விவரத்தை வெளியிட்டார்கள். குழாய் பாலிகிளைகாலிக் அமிலத்தால் ஆனது. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு "பிரிக்க வேண்டாம், தானே கரைந்துவிடும்" என்கிறார்களே, அந்தத் தையல் நூல்களில் ஒரு வகை இதே சரக்குதான்.

குழாயின் இரு வாயிலும் நரம்பின் இரு முனைகளைச் செருகித் தைத்துவிடுகிறார்கள். உள்ளே ஊறும் நீர் உறைந்து மெல்லிய பாலமாகிறது. அதைப் பற்றிக் கொண்டு இழைகள் அக்கரைக்கு ஊர்கின்றன. தழும்பு குறுக்கே வர முடியாது. சில மாதங்களில் குழாய் உடம்பின் ஈரத்திலேயே கரைந்து போகிறது. முன்பு வைத்த சிலிகோன் குழாய் கரையாது. சிலருக்கு அதை எடுப்பதற்கென்றே மறுபடி கத்தி வைக்க வேண்டி வந்தது.

அந்த 15 பேரில் பெரும்பாலோருக்கு உணர்ச்சி திரும்பியது, எல்லோருக்கும் அல்ல. இடைவெளி 3 சென்டி மீட்டரைத் தாண்டினால், இன்றும் பெரும்பாலும் நரம்பு ஒட்டைத்தான் நாட வேண்டும்.

விரலை வெட்டிக் கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள், மரத்திருக்கும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தையலுக்காக மரப்பு ஊசி போட்ட பிறகு, எல்லா இடமும்தானே மரத்திருக்கும்!