எந்தக் கடிகாரத்து மணி?

சென்ற டிசம்பரில் என் கையால் ஒரு தப்பு நடந்துபோயிற்று. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அவஸ்தைப்பட்டது என் பேத்தி. அதைச் சொன்னால் உங்களில் நாலு பேருக்காவது உபயோகப்படும் என்றுதான் இந்தத் தடவை அதையே எழுதுகிறேன்.

மகளை அசாமில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குத் திப்ருகார் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் வேலை. தலைப்பிரசவத்துக்கு அவள் பரளச்சிக்கு வந்தாள். இரண்டாவதற்கு நான் அங்கே போனேன். கன்னியாகுமரியில் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறி, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, நாலாம் நாள் இறங்கினேன். வழியில் எத்தனையோ பாஷை மாறியது, சாப்பாடு மாறியது. ஆனால் எந்த ஸ்டேஷனிலும் கடிகாரம் மாறவில்லை. மாறினது மகள் வீட்டு அடுப்படியில்தான்!

மறுநாள் காலையில் காபி போடப் போனேன். கூடத்துக் கடிகாரத்தில் ஆறு மணி. அடுப்படிக் கடிகாரத்தில் ஏழு. என் செல்போனைப் பார்த்தேன், ஆறுதான். "பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு, கடிகாரம் ஓடுறதைக்கூடக் கவனிக்க முடியலை போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை வயசுப் பேத்திக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மகள் நிறைமாசம், படுத்திருந்தாள்.

"அம்மா, அடுப்படியிலே மணி என்னன்னு பாரும்மா. தோட்டத்து ஆஸ்பத்திரி அஞ்சு மணி வரைக்கும்தான்."

"மூணே முக்கால்தான்த்தா ஆகுது. கஞ்சியைக் குடிக்கவச்சுட்டே கூட்டிட்டுப் போறேன்."

கஞ்சி கொடுத்து, ஸ்வெட்டர் மாட்டி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது என் கணக்குக்கு நாலேகால் ஆகவில்லை. ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. பாஷை தெரியாத ஊரில், பூட்டின கதவுக்கு முன்னால், கொதிக்கிற பிள்ளையோடு நின்றேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

நல்லவேளையாக ஃபாக்டரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கம்பவுண்டர் வீட்டுக்கே கூட்டிப்போனார். ஜுரம் 103. மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் பிள்ளை கண்ணைத் திறந்து "அம்மாச்சி" என்றது.

அப்புறம்தான் மாப்பிள்ளை விவரம் சொன்னார். "அது தப்பான கடிகாரம் இல்லைங்க அத்தை. அது தோட்டத்து நேரம். இங்கே 'பாகான் டைம்'னு சொல்லுவாங்க. இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னாடி. ஃபாக்டரி, ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான் ஓடும். ரயில், பாங்க், போன் எல்லாம் இந்திய நேரம்."

ஒரே நாட்டுக்குள், ஒரே வீட்டுக்குள் இரண்டு நேரமா என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் கணக்குப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. பூமி 360 பாகையைச் சுற்ற 24 மணி நேரம். ஒரு பாகைக்கு 4 நிமிஷம். நம் நாட்டுக் கடிகாரம் 82½ பாகைக் கோட்டுக்கு, அதாவது அலகாபாத் பக்கத்துக்குச் சூரியனுக்கு, வைத்தது. பரளச்சி அதற்கு நாலேகால் பாகை மேற்கே இருக்கிறது. அதனால் நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 17 நிமிஷம் பின்னால். திப்ருகார் பன்னிரண்டரை பாகை கிழக்கே. அங்கே சூரியன் 50 நிமிஷம் முன்னால்.

டிசம்பர் கடைசியில் நம் பரளச்சிக் கம்மாய்க் கரையில் ஆறரைக்குச் சூரியன் உதித்து, ஆறு மணிக்கு மேல் அஸ்தமிக்கும். திப்ருகாரில் ஆறு மணிக்கு முன்பே உதித்து, நாலு இருபதுக்கெல்லாம் மறைந்துவிடும். ஜூன் மாசத்திலோ அங்கே நாலேகாலுக்கே விடிந்துவிடும். நாம் அப்போது இரண்டாம் தூக்கத்தில் இருப்போம். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பகல் வெளிச்சத்தில் கொழுந்து பறித்து முடிக்கத்தான் ஒரு மணியை முன்னால் தள்ளிக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு 1951-ல் போட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும், இந்திய நேரம் வழக்கத்தில் இல்லாத பகுதிகளுக்கு அந்தந்த இடத்து நேரத்தை அனுமதிக்க மாநில அரசுக்கு இடம் வைத்திருந்தார்கள். சூரியனைக் கேட்டால், நான் "சரிசெய்த" கடிகாரம்தான் சரியாக ஓடிக்கொண்டிருந்தது!

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் நாடு முழுக்கவே இப்படித்தான் இருந்திருக்கிறது. இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டால் மதராஸ் நேரம் 9 நிமிஷம் பின்னால், பம்பாய் நேரம் 39 நிமிஷம் பின்னால், கல்கத்தா நேரம் 23 நிமிஷம் முன்னால். ரயிலுக்கு எந்த ஊர் நேரம் என்று குழப்பம் வந்தபோது, இரண்டுக்கும் நடுவில் இருந்த நம் மதராஸ் நேரத்தைத்தான் ரயில்வே எடுத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல்தான் இந்தியாவுக்குப் பொது நேரம். அப்போதும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடவில்லை.

நம் பக்கத்துத் திருச்சுழியில் ரமண மகரிஷி அவதரித்தது 1879 டிசம்பர் 30, பின்னிரவு 1 மணிக்கு என்று சொல்கிறார்கள். அப்போது இந்தியப் பொது நேரம் என்பதே கிடையாது. அது வர இன்னும் 26 வருஷம் இருந்தது. பழைய ஜாதகம், பழைய டைரி எதை எடுத்தாலும், "இது எந்தக் கடிகாரத்து மணி?" என்று ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து டிசம்பர் 18 ராத்திரி மகளுக்கு வலி எடுத்தது. அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு இருபத்தஞ்சு, 19-ம் தேதி" என்று சீட்டில் எழுதப் போனார். பட்டபாடு மறக்குமா? "மாப்பிள்ளை, இது எந்த மணின்னு கேளுங்க" என்றேன். தோட்டத்து மணிதான். இந்திய நேரப்படி 11.25. அப்படியானால் தேதி 19 இல்லை, 18! டாக்டர் சிரித்துக்கொண்டே, "அரசாங்கக் காகிதத்துக்கு இந்திய நேரம்தான்" என்று திருத்தி எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு வருஷம் போய்விடுவது உண்டல்லவா? அதை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பெண்கள் இன்று அசாமில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஒரே நாட்டுக்குள்ளேயே நியூயார்க்குக்கும் கலிபோர்னியாவுக்கும் மூன்று மணி வித்தியாசம். ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்:

1. எந்த நேரத்தை எழுதினாலும் பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதுங்கள். "5 மணி (தோட்டம்)", "4 மணி (இந்தியா)" என்று இரண்டே வார்த்தை போதும்.

2. தோட்டத்து மணியில் ஒன்றைக் கழித்தால் இந்திய மணி. நடுராத்திரியைத் தாண்டினால் தேதியையும் பாருங்கள்.

3. மருந்துக்கு முக்கியம் மணி அல்ல, இடைவெளி. ஆறு மணிக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னால், ஆறு மணி நேரம் எந்த ஊரிலும் ஆறு மணி நேரம்தான். ஆனால் ஒரு வேளையைச் செல்போன் பார்த்தும் மறுவேளையைத் தோட்டத்து மணி பார்த்தும் கொடுத்தால், ஐந்து மணி நேரத்திலேயே மருந்து உள்ளே போய்விடும். கொடுத்த நேரம், அடுத்த வேளை இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பார்த்துக் குறித்து, மருந்துப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

4. ஜாதகம் எழுத இந்திய நேரத்தையும் பிறந்த ஊரையும் மட்டும் கொடுங்கள். ஊர்க் கணக்கை ஜோசியரே போட்டுக்கொள்வார். நீங்களும் கழித்து அவரும் கழித்தால் இரட்டைத் தப்பு. ஒரு லக்னம் சராசரி இரண்டு மணி நேரம். ஒரு மணி தவறினால் லக்னமே மாறக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை பிறந்தவர்களானால், அவர்கள் நேரத்தையும் விசாரியுங்கள். யுத்தத்துக்காக அப்போது நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருந்தார்கள்.

5. நாள்காட்டியில் இருக்கிற ராகு காலம், ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்ற கணக்கு. வெளியூரில் பார்க்கிறவர்கள் அந்த ஊர்ப் பகல் பொழுதை எட்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. டிசம்பரில் திப்ருகாருக்கு அது 7.30 அல்ல, ஏழேகாலுக்கே ஆரம்பித்துவிடும்.

6. குழந்தையின் தூக்கத்தை முள்ளைப் பார்த்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். நாலரைக்கே இருட்டுகிற ஊரில் பிள்ளை ஏழு மணிக்குச் சொக்கி விழுந்தால் அது சோம்பல் அல்ல. நாம் எட்டரைக்குப் போன் போட்டு, "எழுப்பும்மா, முகத்தைப் பார்க்கணும்" என்று அடம் பிடிக்கக்கூடாது!

அசாமுக்கு உத்தியோகபூர்வமாகவே தோட்டத்து நேரம் வேண்டும் என்று 2014-ல் அப்போதைய முதல்வர் தருண் கோகோய் சொன்னார். 2018-ல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகள், நாட்டுக்கு இரண்டு நேரம் வைக்கலாம், கிழக்குக்கு ஒரு மணி முன்னால் என்று யோசனை எழுதினார்கள். ரயில் போக்குவரத்தில் குழப்பம் வரும் என்பது மறுப்பவர்களின் பயம். அடுப்படியில் ஒரு கடிகாரம் செய்த குழப்பத்தைப் பார்த்தவளுக்கு அந்தப் பயமும் புரிகிறது. நாலு மணிக்கே பிள்ளைக்கு விளக்கு ஏற்றுகிற தாயின் சங்கடமும் புரிகிறது.

ஊருக்குக் கிளம்பும் முன் நான் செய்த கடைசி வேலை, ஸ்டூலைப் போட்டு ஏறி அடுப்படிக் கடிகாரத்தின் கீழே "தோட்டம்" என்றும், கூடத்துக் கடிகாரத்தின் கீழே "இந்தியா" என்றும் எழுதி ஒட்டியது. பேத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அம்மாச்சி, பரளச்சிக்கு எங்கே கடிகாரம்?"

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் போன் போடுகிறேன். இந்திய மணி ஆறு! இங்கே அப்போதுதான் வெயில் தாழ்ந்து, விளக்கு வைக்கப் போகிறேன். அங்கே தோட்டத்து மணி ஏழு, இருட்டி நேரமாகியிருக்கும். தூங்கப்போகும் முன் அவள் என்னோடு பேசிவிடுவாள். அதுதான் அவளுக்குப் பரளச்சிக் கடிகாரம்.