மரக்காலையில் நமது கைகள்



சிலாபம், மாதம்பை, மாரவிலப் பகுதித் தோட்டங்களில் காய்ப்பு ஓய்ந்த தென்னைகளைத் தறித்துச் சலாகை அறுக்க நம்மவர்களே போகிறார்கள். தென்னையின் வெளிவைரம் பட்டைவாளின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய வாளுக்கு மரத்தை நெட்டித் தள்ளும்போதுதான் கை வழுக்கிப் போகிறது. மழுங்கினால் வாளை மாற்றச் சொல்லுங்கள். மின்சாரத்தைத் துண்டித்தே மாற்ற வேண்டும். புது வாள் பூட்டியதும் சக்கரத்தை முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். காவலை மரத்துக்கு ஒரு விரலளவு மேலே வரை இறக்குங்கள். உருண்டைக் குற்றி புரளாமல் ஆப்பு வையுங்கள். கையுறை வேண்டாம்; வாள் அதைக் கையோடு இழுக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் வாள் சற்று நேரம் ஓடும்.

அவசரம் என்று காவலைக் கழற்றச் சொல்லும் முதலாளிக்கும் ஒரு வார்த்தை: ஆபத்தான பாகங்களை மூடிவைப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதித்த கடமை, அவர் காட்டும் தயவல்ல. விபத்து நடந்தால் அன்றே சங்கக் கிளைக்குச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி கேட்பதற்கு அறிவித்தல் பிந்தக்கூடாது.