மல்லாட்டை விளையும் ஊரில் பாமாயில்

கெடார் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது. மணிலாவோ பிலிப்பைன்ஸ் தலைநகரம். செடி பிறந்தது தென் அமெரிக்காவில்! ஆகவே உலக வாணிபம் விழுப்புரம் உழவனுக்குப் புதிது அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பல் ஏறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று.

அன்று கடலை போயிற்று. இன்று எண்ணெய் வருகிறது.

1986-இல் மத்திய அரசு எண்ணெய் வித்து இயக்கத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவை ஏறக்குறைய முழுவதும் உள்நாட்டிலேயே நிறைவேறிற்று. 1994-இல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. இன்று தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

பாமாயில் பகை அல்ல. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதால்தான் பல ஏழை வீடுகளில் சட்டி காய்கிறது. அதை நிறுத்தச் சொல்பவர் ஏழையின் அடுப்பங்கரையை அறியாதவர்.

ஆனால், மழையை நம்பி மானாவாரிக் கொல்லையில் விதைக்கிறவன் கதி என்ன? விதை, களையெடுப்பு, பிடுங்கும் கூலி, ஆயும் கூலி எல்லாம் அவன் செலவு. விலை மட்டும் அவன் கையில் இல்லை. கச்சா எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆயிற்று. 2025 மே மாதம் 10 சதவீதமாக இறங்கிற்று. டில்லியில் வரி இறங்கினால் கெடாரில் மூட்டை விலை ஆட்டம் காண்கிறது.

அக்கரையில் மட்டும் என்ன வாழ்ந்தது? மலேசியாவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் நகரங்களாயின. தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் பல, வேலையோடு வீட்டையும் இழந்தன.

நகரத்துச் செல்வர் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் வாங்குகிறார். கடலையை விளைவித்தவன் பாமாயிலுக்கு வரிசையில் நிற்கிறான். உலகம் ஒரே சந்தை ஆகிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் ஒரே படியால் அளக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அரசே நியாய விலைக்குக் கடலையை வாங்கட்டும். உள்ளூரில் ஆட்டி, பாமாயிலோடு கடலெண்ணெயையும் ரேஷனில் மலிவாகக் கொடுக்கட்டும். அதற்கான செலவை இறக்குமதி வரி வருமானத்திலிருந்து எடுக்கட்டும்.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. ரகங்களை நாட்டுக்குத் தந்தது. விதைக்கு வழி கண்ட அரசு, விலைக்கும் வழி காண வேண்டும்.