மஞ்சள் பைக்குள் ஒரு அரசாங்கம்



போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, தாலுகா ஆபீஸ் வரைக்கும் துணைக்கு வர்றியா?" என்று கேட்டார். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. விதவை உதவித்தொகைக்கு மனு கொடுக்க வேண்டும். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், உள்ளே பச்சைக் குழந்தை இருப்பதுபோல.

ஜெராக்ஸ் கடையில்தான் பை திறந்தது. ரேஷன் கார்டு, இரண்டு ஆதார், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கி பாஸ்புக், கணவரின் பழைய வாக்காளர் அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று நகல். அப்புறம் இ-சேவை மையம். அங்கே உட்கார்ந்திருந்த பையன் நல்ல பையன்தான், ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ரேஷன் கார்டில் கணவர் பெயர் சுப்பிரமணி. ஆதாரில் சுப்ரமணியன். இறப்புச் சான்றில் சுப்பிரமணியம். "மூணும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட அபிடவிட் வாங்கிட்டு வாங்கம்மா" என்றான்.

அக்கா அவனையே பார்த்தார். "மூணு பேரு சம்பாதிச்சுப் போட்டிருந்தா நான் ஏன் சாமி இங்க வந்து நிக்கிறேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். மனு அன்றைக்குப் போகவில்லை.

திரும்பும் வழியில் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. அந்தப் பையில் இருந்த காகிதங்களில் ஒன்றுகூட அக்கா எழுதியதில்லை. இறப்புச் சான்று பேரூராட்சி கொடுத்தது. ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை கொடுத்தது. வாரிசுச் சான்று, நாங்கள் போன அதே கட்டடத்தின் மாடியில் கையெழுத்தானது. மாடியில் எழுதியதைக் கீழே காட்டுவதற்கு ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கிறது. அரசாங்கத்தின் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் நடுவே ஓடுகிற தபால்காரி அவர்தான். சம்பளம் கிடையாது. பஸ் காசு, ஜெராக்ஸ் காசு எல்லாம் அவருடையது. இவ்வளவும் மாதம் 1,200 ரூபாய்க்கு.

துறைகள் தங்களுக்குள் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு இப்போது எல்லா மேடையிலும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பைதான் வருகிறது.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிக் கஷ்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பெண்களுக்கு அதுவும் நிலையில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. எங்கோ உட்கார்ந்து செய்த மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒரு இடத்தில் உட்காருபவர் இனிஷியலை விரித்து எழுதுவார், இன்னொருவர் புள்ளி வைத்து விட்டுவிடுவார், மூன்றாமவர் பெயருக்குப் பின்னால் ஒட்டுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் படும் பாடு தெரிந்ததுதான். தமிழ்ச்செல்விக்கும் கனிமொழிக்கும் ஒரு அலுவலகத்தில் இரண்டெழுத்து, இன்னொன்றில் ஒற்றை எழுத்து. பிறந்த தேதி கேட்டால், பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி ஒன்று, ஆத்தா சொல்லும் 'பெரிய புயலுக்கு மறு வருசம்' ஒன்று. வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1. பெயரையும் தேதியையும் வைத்து இரண்டு பட்டியலை ஒட்டினால், ஒரே ஆள் மூன்றாகப் பிரிவார். மூன்று முருகன்கள் ஒன்றாகிவிடவும் செய்வார்கள். இந்த இரண்டாவது இன்னும் ஆபத்து.

சரி, ஒழுங்காக நடக்கிற இடமே இல்லையா? இருக்கிறது. அதே அக்காவின் மருமகள் இப்போது ஆறு மாதம். நாள் தள்ளிப்போனதுமே நர்சம்மா வீட்டுக்கு வந்து பதிவு செய்து 'பிக்மி நம்பர்' கொடுத்துவிட்டார். பன்னிரண்டு இலக்கம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடர 2008 முதல் தமிழ்நாட்டில் இருக்கிற ஏற்பாடு இது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவிக்கும் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) அந்த எண்தான், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண்தான்.

இதன் அருமை நம் ஊர் வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் வேறு ஊருக்கு, பல நேரம் வேறு மாவட்டத்துக்கே போய்விடுகிறாள். ஆறு மாதமாக அவளுடைய ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்த நர்சம்மா இங்கே. பிரசவ வலியில் அவளைப் பார்க்கப் போகும் டாக்டர் அங்கே. கட்டுச்சோறும் வளையலும் போகிற வண்டியில் அவளுடைய ரத்தச்சோகைக் கணக்கும் போக வேண்டும். நோட்டில் மட்டும் இருந்த காலத்தில் அது போகாது. எண்ணோடு சேர்ந்திருந்தால், நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்கினாலும் பார்க்கிற டாக்டருக்குத் தெரியும்: எத்தனை கிராம் ரத்தம், ரத்த அழுத்தம் எப்போது ஏறியது என்று. தரவுப் பகிர்வு என்ற வறட்டு வார்த்தைக்குள் இருக்கிற உயிர் இதுதான்.

அதே பெண்ணை அங்கன்வாடியிலும் எடை பார்க்கிறார்கள். அது வேறு துறை, வேறு செயலி. நர்சம்மா எழுதிய 46 கிலோவை டீச்சர் மறுபடி எழுதுகிறார். இரண்டு பேருக்கும் இரட்டை வேலை. கர்ப்பிணி இரண்டு முறை செருப்பைக் கழற்ற வேண்டும்.

காசநோய்க்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு ஆதங்கம் அங்கேதான் அதிகம். தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானவுடனே உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லாத வேலை. அப்படிப் பார்த்ததில் கண்முன் நிற்பது பசி. எலும்பும் தோலுமாக வருகிறார்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. சாப்பாடு போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து அல்ல, அரிசி பருப்பு.

ஆக, எந்த வீட்டில் பசி நோயாகிவிட்டது என்று சுகாதாரத் துறைக்குத் தெரியும். அரிசி பருப்பு உணவுத் துறையின் கிடங்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டியல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். நோயாளிக்கு மத்திய அரசு தருகிற ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500இலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்லது. அது வங்கிக் கணக்கைத் தேடிப் போகிற பணம். கணக்கில் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் என்றால் என்ன ஆகும் என்று அக்காவைக் கேளுங்கள்.

ஆனால் அந்தப் பட்டியலை ரேஷன் கடைக்காரர் கையில் கொடுத்துவிடலாமா? இங்கேதான் நானும் தயங்குகிறேன். வரிசையில் நிற்கும்போது, "ஓ, டி.பி. கார்டா?" என்று ஒரு குரல் போதும். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகான வருடங்களில் வைரஸைவிட வதந்தி அதிகம் பேரை வீட்டைவிட்டு விரட்டியது. தனக்குத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சொந்த ஊர் மருத்துவமனையை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்களை நான் அறிவேன். அவர்களுடைய ரகசியத்தைக் காக்க 2017இல் தனிச் சட்டமே வந்தது. ரேஷன் கடைக்குத் தெரிய வேண்டியது 'இந்தக் கார்டுக்குக் கூடுதலாக மூன்று கிலோ பருப்பு' என்பது மட்டும்தான். ஏன் என்பது தெரிய வேண்டியதில்லை. பகிர்வது வேறு, ஊர் முழுக்கச் சொல்வது வேறு. இதைப் புரிந்த அதிகாரி ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. கொடுப்பதற்காகத் துறைகள் கைகோப்பதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. வெட்டுவதற்கு என்றால் சீக்கிரம் கைகோத்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். வருமான வரித்துறையின் கணக்கையும் உதவித்தொகை கொடுக்கும் துறையின் கணக்கையும் கம்ப்யூட்டர் ஒட்டிப் பார்த்தது. வரித்துறையிடம் இருந்தது வருட வருமானம். உதவித்தொகையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. கம்ப்யூட்டர் வருட வருமானத்தை 26 சம பங்காகப் போட்டு, "நீ வேலையில்லை என்று சொன்ன வாரத்திலும் சம்பாதித்திருக்கிறாய், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு" என்று நோட்டீஸ் அனுப்பியது. நம் ஊரில் கரும்பு வெட்டுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் கை நிறைய வேலை, ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு திண்ணை. அவர் சம்பாத்தியத்தை வருடம் முழுக்கச் சமமாகத் தடவினால், பட்டினி கிடந்த மாதத்திலும் அவர் சம்பளக்காரர். லட்சக்கணக்கான ஏழைகள் வாங்காத கடனுக்குக் கடன்காரர் ஆனார்கள். பல ஆண்டுகள் கழித்து அது சட்டவிரோதம் என்று அரசே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை தந்து அந்தத் திட்டத்தைக் கிழித்தெடுத்தது.

நமக்குப் பக்கத்திலேயும் நடந்திருக்கிறது. தெலங்கானாவில் கம்ப்யூட்டர் சலித்து எடுத்து ரத்தான லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகளை, வீடு வீடாகப் போய் மறுபடி பாருங்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

நம் மகளிர் உரிமைத்தொகையிலும் இப்படி ஒட்டிப் பார்த்தல் உண்டு. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்தால் கிடையாது என்பது ஒரு விதி. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கிற வீட்டில் அந்த யூனிட் யாருடையது? ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் பணம் போன கையோடு, கிடைக்காதவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது, மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசமும் தந்தார்கள். 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு கதவைச் சாத்துவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

தப்பு எங்கும்தான் நடக்கும். ஒட்டாத காகிதத்தில் நடக்கும் தப்பு ஒரு அலுவலகத்தோடு நிற்கும். உத்தரப் பிரதேசத்து லால் பிஹாரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நிலத்துக்காகச் சொந்தக்காரர்கள் அவரை வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'இறந்தவர்' ஆக்கிவிட்டார்கள். 1975 முதல் 1994 வரை, பத்தொன்பது ஆண்டுகள் அவர் காகிதத்தில் பிணம். உயிரோடிருப்பதை நிரூபிக்கத் தேர்தலில் நின்றார், தன் மனைவிக்கு விதவை உதவி கேட்டுப் பார்த்தார். அவரைப் போன்ற 'இறந்தவர்'களுக்கு ஒரு சங்கமே தொடங்கினார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் செத்தது ஒரே ஒரு பதிவேட்டில். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பிறப்பு, இறப்புப் பதிவுகளை நாடு முழுக்க ஒரே தொகுப்பாக்கி, ரேஷன், வாக்காளர் பட்டியல் போன்றவற்றோடு பகிர வழி செய்கிறது. நல்ல காரியம், அக்காவுக்கு ஏழு மாதம் ஆகியும் முடியாதது இனி ஏழு நாளில் முடியலாம். அதே குழாயில் ஒரு தப்பான மரணம் போனால், ஒரே இரவில் ரேஷனும் பென்ஷனும் ஓட்டும் சேர்ந்து செத்துப்போகும். அப்போது போய்த் தட்ட ஒரு கதவு இருக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் பாஸ்வேர்டு அல்ல, ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்து பார்த்த இடமும் உண்டு. எஸ்தோனியா என்று ஒரு குட்டி நாடு, நம் சென்னையில் கால் பங்கு ஜனம்கூட இல்லை. 2001இலிருந்து அங்கே துறைகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எல்லாத் தரவையும் ஒரே பீரோவில் கொட்டவில்லை. அவரவர் பீரோ அவரவரிடம், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு துறையிடம் ஏற்கெனவே இருக்கிற விவரத்தை இன்னொரு துறை ஜனங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. தன் மருத்துவக் குறிப்பை யார் யார் எடுத்துப் பார்த்தார்கள் என்று அங்கே ஒருவர் தானே பார்த்துக்கொள்ளலாம். வேண்டாத டாக்டர் எட்டிப் பார்த்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். நம் வீட்டுக் குறிப்பைப் புரட்டியவர் பெயர் நமக்குத் தெரிவது, அதுவும் அரசாங்கத்தில்! நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். அபிடவிட் வாங்கி, மனு போய்விட்டதாம். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வீட்டுக்கே வந்தாராம். "அவருக்கு எங்க வீட்டுக்காரரை நல்லாத் தெரியும் தம்பி. சாவுக்குக்கூட வந்திருந்தாரு" என்றார். சாவுக்கு வந்து மாலை போட்டவரே சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கிற ஏற்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பையை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். பீரோவுக்கு மேலேயே வைத்திருக்கிறாராம். மருமகளுக்குக் குழந்தை பிறந்தால் மறுபடி எடுக்க வேண்டுமே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கிற அட்டைகளையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பிப் பாருங்கள். உங்கள் பெயர் எத்தனை அலுவலகத்தில் எத்தனை விதமாக இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள், எண்களை அனுப்பிவிடாதீர்கள். நானும் பரப்பிப் பார்த்தேன். நான் நாலு பேர்.

அன்புடன்,
ஆசிரியர்