சட்டம் தடுத்தது, நாம் தடுத்தோமா?

இஷாத் தொழுகை முடிந்து சீர்காழிக் கடைத்தெரு வழியே வருகிறோம். பூட்டிய கடைப்படியில் நம் பிள்ளைகள் நான்கைந்து பேர், கையில் செல்போனுடன். ஸலாம் சொன்னால் பதில் வருகிறது. தலை மட்டும் நிமிர்வதில்லை. ஏதோ விளையாடுகிறார்கள் என்று கடந்து போகிறோம். அது விளையாட்டா, அத்தாவின் கல்லாப் பணமா என்று நின்று கேட்டோமா?

1968ல் அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. ஏழைகளின் கூலியை விழுங்கிய அந்தச் சீட்டை 2003 ஜனவரியில் தமிழக அரசே தடை செய்தது. ஒழிந்ததா? மூன்று நம்பர் லாட்டரியாகத் துண்டுத்தாளில் ஒளிந்து கொண்டது. 2023 ஏப்ரலில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் தமிழகத்தில் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அவற்றை விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடுக்கச் சட்டம் இயற்றியது.

மனிதச் சட்டம் இத்தனை சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் திருக்குர்ஆன் என்றோ நிற்கிறது! சூதில் சில பயன் இருந்தாலும் அதன் தீங்கே பெரிது என்கிறது (2:219). அது ஷைத்தானின் செயல், விலகுங்கள் என்கிறது (5:90). சூதாட வா என்று நண்பனை அழைத்தவனே அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்யட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அழைப்பதே குற்றம்! நண்பனைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று ஆசை காட்டுவது எதற்காக என்று இளைஞர்களே, சிந்தியுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! பத்து வயதுச் சிறுவன் பிரைஸ் அட்டை கிழிப்பது உங்கள் பெட்டிக்கடையில்தானே? சூதின் அரிச்சுவடி அதுதான். அந்த அட்டையை இன்றே கழற்றுங்கள். நம்பர் எழுதுபவனுக்குக் கடையை வாடகைக்கு விடாதீர்கள். அவன் நீட்டும் நன்கொடையைப் பள்ளிவாசல் வாங்க வேண்டாம். கூகுள் பேயின் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கடனில் விழுந்தவனை ஜும்ஆவில் பெயர் சொல்லி அவமானப்படுத்தவும் வேண்டாம். அவமானத்துக்கு அஞ்சியே விட்டதைப் பிடிக்க மீண்டும் ஆடுகிறான். தற்கொலை வரை போனவர்கள் உண்டு. ஜமாஅத் அவனைத் தனியே அழைத்துப் பேசட்டும். கடன்காரர்களிடம் தவணை வாங்கித் தரட்டும். பைத்துல்மால் அழகிய கடன் கொடுக்கட்டும். ஆனால் அதை அவன் கையில் தராமல் கடன்காரரிடமே செலுத்தட்டும். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற அரசின் இலவச ஆலோசனை எண்ணில் பேசலாம்.

காவல்துறை கடையை மூடலாம். கையிலிருக்கும் செல்போனை யார் மூடுவது? நாளை அந்தப் படியைக் கடக்கும்போது ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களைக் காப்பானாக!